செய்யாத திருட்டை ஒத்துக்கொண்ட மகனுக்கு

நீ திருடவில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்து எதையும் வாங்கவும் இல்லை. ஆனாலும் உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் உன்னைக் கோர்ட்டில் நிறுத்தி, "ஆமாம்" என்று சொல்ல வைத்தார்கள். சொல்ல வைத்தது போலீஸ் மட்டும் இல்லை. உன் தாய்மாமன் தனபால் பக்கத்தில் நின்று உன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். உன் அம்மாவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்து, என்னைப் பந்தல்காரனைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, நீங்கள் போய் அந்தக் காரியத்தை முடித்தீர்கள். முடித்துவிட்டதாக நினைத்தீர்கள். நடந்த அநியாயம் இதுதான். முதலில் இதை எழுதாமல் வேறு எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. காவல் நிலையத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு கேஸ் போடுவார்கள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ யோசிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை தனபால் சேலையூரிலிருந்து வந்தான். நான் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை நலம் விசாரிக்காமல் நேராக அடுப்படிக்குப் போனான். அப்போது ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கியது. பொழிச்சலூரில் இருக்கிற நாமெல்லாம் விமானம் போகும்போது பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்தில் தொடங்குவோம். அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சத்தத்துக்கு மேல் சத்தமாகப் பேசினான். விமானம் சட்டென்று ஓய்ந்ததும் அவன் குரல் வாசல் வரைக்கும் வந்தது. "நாளைக்கு இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கெழமை கோர்ட்டுக்கு வந்தா போதும்க்கா. அந்த சிலிண்டர் கேஸையும் ஒத்துக்கினா இதோட வுட்டுடறேன்னு ஏட்டு சொல்லிட்டாரு." அதற்கு உன் அம்மா, "போன வாட்டியும் இதோடன்னுதானடா சொன்னே" என்றாள். "இந்த வாட்டி அவரு பொண்ணு மேல சத்தியம் பண்ணிக்கீறாருக்கா" என்றான் அவன்.

நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே போனேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையிலேயே மிச்சம் தெரிந்துவிட்டது. கேட்டேன், சொன்னார்கள். நீ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய மேசை ஃபேன் வாங்கியது, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வரும்போது உன்னை நிறுத்தியது, பில் கேட்டது, கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டில் அதே நிறத்தில் ஒரு ஃபேன் காணாமல் போயிருக்கிறது என்றது, எல்லாம் சொன்னார்கள். சந்தையில் எவன் பில் கொடுக்கிறான்? பில் கேட்டால் ஃபேனைப் பிடுங்கி வைத்துக்கொள்வான். ஏட்டு தனபாலிடம் சொன்னாராம்: "இன்னாபா, கல்யாண மாப்ளையா? ஒத்துக்கினா ஃபைனோட போயிடலாம். இல்லேன்னு நின்னான்னா உள்ள போவான். அப்பறம் அவன் தம்பி எவனாவது இருந்தா தாலி கட்ட சொல்லு." தனபால் சிரித்தானாம். நீயும் சிரித்தாயாம். நீ எதற்குச் சிரித்தாய் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் வாய் தானாகவே அப்படிப் போகும்.

ஆனால் நான் உன் மாமனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்தக் கீழ்க்கட்டளை வீட்டுக்காரர் புகாரில் என்ன எழுதியிருந்தார்? ஓடிக்கொண்டிருந்த ஃபேனை ஜன்னல் வழியாக யாரோ எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். நீ வாங்கியது ஓடாத ஃபேன். உள்ளே செம்புக் கம்பிக் காயில் கருகிப்போன ஃபேன். நீ வயர்மேன். காயில் மாற்றி உன் புது வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று விலை குறைத்து வாங்கினாய். காவல் நிலையத்திலேயே அதை ஒரு தடவை பிளக்கில் செருகிப் பார்த்திருந்தால் போதும். யாரும் செருகவில்லை. நீயும் சொல்லவில்லை. ஊர் வீடுகளுக்கெல்லாம் எது ஓடும், எது ஓடாது என்று சொல்கிறவன், உன் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாய். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மறைக்கவில்லை.

உனக்கு இந்த வழியைக் காட்டிய தனபால் யார் என்பதை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உன் அம்மா சொன்ன கதையில் ஒரு பாதிதான் இருக்கும். நீ கைக்குழந்தையாக இருந்த காலத்தில் சைக்கிளில் இருவர் போனால் பிடிப்பார்கள். விளக்கு இல்லாவிட்டாலும் பிடிப்பார்கள். பிடித்தால் பெரும்பாலும் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் அபராதம். அதனால் நம் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. திருப்பத்தில் காக்கிச் சட்டை தெரிந்ததும் பின்னால் இருப்பவன் குதித்துவிடுவான். ஓட்டுகிறவன் தனியாகப் போவான். குதித்தவன் யாரோ போலக் கையை வீசிக்கொண்டு நடந்து வந்து, போலீஸ்காரரைத் தாண்டியதும் திரும்ப ஏறிக்கொள்வான். போலீஸ்காரர்களுக்கும் இது தெரியும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். பெண்கள்கூடக் குதிப்பார்கள். உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே குதிப்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

அன்றைக்கு நானும் தனபாலும் பம்மல் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தோம். அவனுக்கு அப்போதுதான் மீசை முளைத்திருந்தது. திருப்பத்தில் வழக்கத்துக்கு மாறாக ஒரு ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் நின்றார்கள். பக்கத்து வயல் கிணற்றில் இருந்த மின்சார மோட்டார் மத்தியானம் திருட்டுப் போயிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. தனபால் வழக்கம்போலக் குதித்தான். குதித்தவன் நடந்து வந்திருந்தால் ஒன்றுமில்லை. மூன்று பேரைப் பார்த்ததும் பயந்து, புதர்ச் சந்துக்குள் ஓடிவிட்டான். நான் மட்டும் சைக்கிளோடு நின்றேன். "யாருய்யா ஓடறது?" என்றார் ஏட்டு. "என் மச்சான் சார். டபுள்ஸுக்கு பயந்து ஓடறான்" என்றேன். "டபுள்ஸுக்கா? நல்லவனா இருந்தா இன்னாத்துக்கு ஓடறான்? ரெண்டு பேரும் மோட்டார எங்கடா வெச்சீங்க?" என்றார். அவ்வளவுதான். நான் கிளம்பிய வீட்டுக்குத் திரும்பியது வேறு ஆளாகத்தான்.

அப்போது எனக்கும் பயம் இருந்தது. இரண்டு கையாலும் ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயந்தவன் கைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையின் மேல் பொத்தானைப் பார்த்தேன். கேட்டதற்கு மட்டும் மெதுவாகப் பதில் சொன்னேன். அவர் "வாடா" என்றபோதும் நான் "சார்" என்றேன். அதை நான் அவருக்காகச் செய்யவில்லை. எதிரே இருப்பவன் வாய் எந்த அளவுக்கு இறங்கினாலும் என் வாயின் அளவை நான்தான் வைத்திருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. ஒரு கான்ஸ்டபிள் வெற்றுத் தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். "எழுதினதும் படிச்சுட்டு சொல்றேன் சார்" என்றேன். ஓர் அடி விழுந்தது. இரண்டாவது அடி விழுந்தது. தாள் வெற்றாகவே இருந்தது.

மறுநாள் கோர்ட்டில் நிறுத்துவதற்கு முன்னால் வராந்தாவில் அதே ஏட்டு என்னிடம் வந்து, நல்ல மனிதராகப் பேசினார். "பாருப்பா, உனுக்கு பட்டறை வேலை கீது. புள்ள கீது. ஒரு வார்த்த ஒத்துக்கோ, கொஞ்ச நாள்ல வெளிய வந்துடலாம். இல்லேன்னா வாய்தா வாய்தான்னு அலைவே. பேஜார் பண்ணிக்காத." அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. எல்லாம் அப்படியே நடந்தது. ஆனால் மாஜிஸ்திரேட் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டபோது நான் சொன்னேன்: "டபுள்ஸ் போனத ஒத்துக்கறேன் அய்யா. மோட்டார் எடுக்கல." கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அரசுத் தரப்பில், தப்பி ஓடினவன்தான் மோட்டாரைக் கொண்டுபோய்விட்டான் என்று எழுதியிருந்தார்கள். அந்த மோட்டாரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு சைக்கிள் கேரியரிலிருந்து குதித்து ஓடினானாம் உன் மாமன்.

பட்டறை முதலாளி ஜாமீன் கையெழுத்துப் போட்டார். பிறகு அவரே, மாதா மாதம் வாய்தாவுக்குப் போகிறவனை வைத்து லேத் ஓட்ட முடியாது என்று நிறுத்திவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தனபால் மேல்தான் வருத்தம். ஒரு நாள் வந்து கூண்டில் நின்று, "டபுள்ஸுக்குப் பயந்து நான்தான் ஓடினேன், என் கையில் ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருந்தால் கேஸ் முன்னமே விழுந்திருக்கும். கேட்டேன். "மாமா, என்னையும் உள்ள வெச்சுடுவாங்க மாமா" என்று அழுதான். காஞ்சிபுரத்தில் பெரியம்மா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். வருஷக்கணக்கில் இழுத்துக் கடைசியில் அரசுத் தரப்புச் சாட்சியே, நான் யாரையும் பார்க்கவில்லை என்று சொல்ல, என்னை விடுதலை செய்தார்கள். அதுவரைக்கும் உன் அம்மா பக்கத்து வீடுகளுக்கு மாவு அரைத்துக் கொடுத்துக் குடும்பம் நடத்தினாள். "உங்க நியாயத்த தாளிச்சு சோத்துல போட முடியுமா?" என்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. சோற்றில் போட முடியாது என்பதற்காக நான் செய்தது தவறாகிவிடாது.

அந்த வாய்தா காலத்தில்தான் நான் படித்தேன். எட்டாவதோடு நின்றவன். கோர்ட்டில் எனக்கு முன்னால் என்னைப் பற்றியே பேசினார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அவமானம் தாங்காமல் நூலகத்துக்குப் போய், தமிழில் அரசியல் சட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். பரீட்சை எழுதுகிற பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு வரியை நான்கு தடவை படித்தேன். அதில் இருபத்திரண்டாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எதற்காகப் பிடித்தோம் என்று பிடிக்கப்பட்டவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் விரும்பும் வக்கீலைப் பார்க்க விட வேண்டும். ஒரு பகல் ஓர் இரவுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், வழிப்பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. இன்னொரு சட்டத்தில், விசாரணையில் போலீசிடம் நீ சொல்கிற வாக்குமூலத்தில் உன் கையெழுத்தே வாங்கக் கூடாது என்று இருக்கிறது. அதைப் படித்த அன்று நான் வாங்கிய இரண்டு அடிக்கும் கணக்குத் தீர்ந்தது போல இருந்தது. கையெழுத்துப் போடாமல் நின்றபோது எனக்குச் சட்டம் தெரியாது. சட்டம் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தது.

உனக்கு ஒரு நாள் ஞாபகம் இருக்கும். ஞாபகம் இருக்கிறது என்று உன் அம்மா சொல்கிறாள். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாய். என் கேஸ் முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. உன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தேன். திருப்பத்தில் போலீஸ் நின்றது. நீ குதிக்கத் தயாராக என் சட்டையை விட்டாய். "உக்காரு" என்றேன். "அப்பா, போலீஸுப்பா" என்றாய். "உக்காரு" என்றேன். நேராகப் போய் அவர்கள் முன்னால் பிரேக் போட்டு நின்றேன். அவர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு காற்றைப் பிடுங்கினார்கள். வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தோம். உன்னோடு படிக்கிற பிள்ளைகள் பார்த்தார்கள் என்று நீ வழியெல்லாம் அழுதாய். நம் வீட்டில் இனி யாரும் குதிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பின்னால் நடந்த ஒன்றை நான் உனக்குச் சொன்னதில்லை. இன்னொரு முறை நம் தெருவில் ஏதோ திருட்டு. நான் டீக்கடையில் நின்றேன். புதிதாக வந்த கான்ஸ்டபிள் ஒருவர் என்னைக் காட்டி, பழைய கேஸ் ஆளாமே என்று, அன்று என்னைப் பிடித்த அதே ஏட்டிடம் கேட்டார். ஏட்டு டீயை ஊதிக்கொண்டே, "அந்தாள வுடு. அவன் கோர்ட்ல நின்னு பேசுவான். வேற ஆள பாரு" என்றார். வேறு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் ஒத்துக்கொள்கிற ஆள். அன்று நான் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இல்லை என்று சொன்னதால் எனக்கு வருஷங்கள் போயின, வேலை போயிற்று, ஆனால் ஒரு தடவையோடு போயிற்று. நீ ஆமாம் என்று சொன்னதால் ஒரு காலைப்பொழுதுதான் போயிற்று. அந்தக் காலைப்பொழுது இன்னும் முடியவில்லை. கல்யாணம் ஆகி இன்னும் ஆடி வரவில்லை, அதற்குள் உன்னைத் தேடி வேலை செய்கிற இடத்துக்கே வந்துவிட்டார்கள். ஏட்டு மாறலாம், நிலையம் மாறலாம். உன் பெயர் அங்கே ஒத்துக்கொள்கிற ஆளின் பெயராகிவிட்டது. இப்போது பம்மலில் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் காணோம் என்றால், எவன் எடுத்தான் என்று அவர்கள் தேட வேண்டியதில்லை.

நீ எப்படி மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. கோவிலம்பாக்கத்தில் மாமனார் வீட்டு மாடியில் இருக்கிறாய். படி இறங்கினால் அவர் ஈசிசேரில் உட்கார்ந்திருப்பார். உன் மனைவி ஜெயந்தியிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய். ஏட்டுக்கு உன் மாமனார் வீட்டு விலாசம் தெரியும் என்பதுதான் உன் கழுத்தில் இருக்கிற கயிறு. திங்கட்கிழமை வராவிட்டால் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறார். சொல்லத்தான் செய்வார். ஆனால் நீ போய் ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று தனபால் உனக்குச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. ஏற்கெனவே தண்டனை வாங்கினவன் மறுபடியும் அதே மாதிரிக் குற்றத்துக்கு வந்து நின்றால், அபராதத்தோடு விடுவார்கள் என்று எந்த ஏட்டும் எந்தப் பொண்ணு மேலும் சத்தியம் பண்ண முடியாது. தண்டனையைக் கூட்டுவதற்குச் சட்டத்தில் தனியாக இடம் இருக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டு, அங்கிருந்தே உன்னை ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஜெயந்தியிடம் எந்த ஓவர்டைமைச் சொல்வாய்?

உன் அம்மா என்னிடம் வேறு ஒன்று சொல்கிறாள். "உங்களப் பாத்து வளந்ததாலதான் அவன் ஒத்துக்கிட்டான். வாய்தா வாய்தான்னு நீங்க அலைஞ்சதையும், நாங்க பட்ட பாட்டையும் பாத்தவன் வேற என்னா சொல்வான்?" என்கிறாள். இரண்டு நாளாக இதை யோசித்தேன். நான் இதை ஏற்கவில்லை. கஷ்டத்தை நான் உண்டாக்கவில்லை. மோட்டாரைத் திருடாதவனைப் பிடித்தவர்கள் உண்டாக்கினார்கள். அவளுக்கும் சொல்லிவிட்டேன். அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை நான் கீழ்க்கட்டளைக்குப் போய் அந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். கோர்ட்டிலிருந்து திரும்பி வந்த ஃபேன் அவர் வீட்டுப் பரண் மேல் கிடக்கிறது. "இது எங்க ஃபேனே இல்லீங்க. கலர்தான் அது. ஓடவே மாட்டேங்குது. கொடுத்தாங்க, வாங்கி வெச்சிட்டோம்" என்றார். நேற்று வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனேன். நீ வாங்கிய கடைக்காரர், ஃபேனும் மிக்ஸியும் பரப்பி வைத்துக்கொண்டு எப்போதும் உட்காரும் இடத்திலேயே இருந்தார். உன்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது அவருக்கு. "காயில் போனதுன்னு சொல்லித்தான் சார் வித்தேன். அதுலயும் ஒங்க புள்ள பேரம் பேசி என் உசுர எடுத்துட்டான்" என்றார். சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டேன். "வர்றேன் சார். வெள்ளிக்கெழம மட்டும் கூப்டாம பாத்துக்கங்க" என்றார். முன்பின் தெரியாத மனிதர். உன் மாமன் என் மச்சான்.

இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன்.

நீ செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமையே ஜெயந்தியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவள் அழுதால் அழட்டும், கூடவே உட்கார்ந்திரு. பிறகு இருவரும் படி இறங்கிப் போய் உன் மாமனாரிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஏட்டு அந்த வீட்டுக்கு வந்தாலும் அவரிடம் விற்பதற்கு ஒன்றும் இருக்காது. திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போக வேண்டும், ஓடி ஒளியக் கூடாது. வழியில் யார் நிறுத்தினாலும் நின்று, கை இரண்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, "என்னைக் கைது செய்றீங்களா சார், இல்ல விசாரிக்கக் கூப்பிடறீங்களா? எதுக்காக?" என்று கேள். குரலை உயர்த்தாதே. கையைத் தட்டிவிடாதே. சட்டையில் இருக்கிற பெயரைப் படித்து மனதில் வைத்துக்கொள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. மாஜிஸ்திரேட் கேட்கும்போது, "இல்லை அய்யா" என்று சொல். அடித்தால், எங்கே அடித்தார்கள் என்று அவரிடமே காட்டு. அந்த ஒரு கூரைக்குக் கீழேதான் உன் பேச்சை எழுதிக்கொள்ள வேண்டிய கடமை உள்ளவர் உட்கார்ந்திருக்கிறார். போன தடவை அந்த இடத்தை நீ வீணாக்கினாய்.

தனபால் செய்ய வேண்டியது. அன்று தன்னிடம் ஏட்டு என்ன சொன்னார், எப்படிப் பயமுறுத்தி உன்னை ஒத்துக்கொள்ள வைத்தார் என்பதை வக்கீலிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய தண்டனையை உடைக்க ஹைகோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்கிறார்கள். அதற்கு அவன் சாட்சி வேண்டும். காஞ்சிபுரத்தில் இப்போது பெரியம்மாவும் இல்லை.

உன் அம்மா செய்ய வேண்டியது. இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை, வேண்டுமென்றேதான். உனக்கு முன்னால் ஜெயந்தி படித்தாலும் சரிதான். உன் அம்மா பஸ் ஏறுவதற்கு முன்னால் இரண்டு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். ஒட்டக் கூடாது.

அந்த ஏட்டு செய்ய வேண்டியது. சிலிண்டரை எடுத்தவனைத் தேட வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

கோர்ட் செய்ய வேண்டியது. ஒருவன் ஆமாம் என்று சொல்லும்போது, ஏன் சொல்கிறாய் என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அந்த ஃபேனைப் பிளக்கில் செருகிப் பார்க்க வேண்டும்.

நான் செய்ய வேண்டியதில் பாதியைச் செய்துவிட்டேன். இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டேன், திங்கட்கிழமை கோர்ட் வாசலில் இருப்பார். மீதிப் பாதிக்கு அன்று காலையில் கோவிலம்பாக்கத்துக்கு வருகிறேன். சைக்கிளில் வருகிறேன். அங்கிருந்து கோர்ட் வரைக்கும் உன்னை வைத்து மிதிக்க இப்போது என் முழங்காலில் வலு இல்லை, அதனால் நீ ஓட்டு. டபுள்ஸ் என்று நிறுத்தினால் ஒத்துக்கொள், அது நாம் செய்வது. நிறுத்தாத வரைக்கும் வழியில் எந்தத் திருப்பத்தில் எத்தனை பேர் நின்றாலும் வேகத்தைக் குறைக்காமல் நேராகப் போ. பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். குதிக்க மாட்டேன்.

உன் அப்பா